கோபியிலிருந்து சாந்தாமணி வந்து கேட்டால்

ஸ்கேன் அறை வாசலில் புதிதாக ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிற பெண்களுக்கு வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டு அனுப்பினீர்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். படித்தது அஞ்சாவது வரைதான். ஆனாலும் மெதுவாக எழுதினால் எழுத்து வரும். அதனால் எழுதியே கொடுத்திருக்கிறேன். உங்களில் குரல் நன்றாக இருக்கிறவர் யாராவது படியுங்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜெல்லைத் துடைப்பது, விரிப்பு மாற்றுவது எல்லாம் தன்னால் கைக்கு வந்துவிடும். அதையெல்லாம் நான் எழுதவில்லை. சாந்தாமணியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு காரியமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. கர்ப்பப்பையில் கட்டி என்று வருகிற பெண்களை அப்போது முதலில் டாக்டரம்மாவின் கை பார்க்கும். பிறகு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேன். உள்ளே விட்டுப் பார்க்கிற ஸ்கேன் நம் ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் வந்திருந்தது. எம்.ஆர்.ஐ. என்கிற பெரிய மெசின் நம்மிடம் இல்லை. கோயமுத்தூரில் வேறோர் இடத்துக்கு வந்திருக்கிறது என்று காதில் விழுந்ததோடு சரி.

எது நல்ல படம், எது கெட்ட படம் என்று சொல்ல நான் யார். எனக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றும் பெண்ணிடம் ஒவ்வொன்றைக் கேட்கும் என்பதுதான். மேலே வைத்துப் பார்க்கிற ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். அது பொறுமையைக் கேட்கும். உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும். அது வெட்கத்தைக் கேட்கும். எம்.ஆர்.ஐ. அசையாமல் கிட என்று சொல்லும். பயந்தவளுக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை.

என்னைப் பார்த்தது கை மட்டும்தான். அது இதற்கெல்லாம் ரொம்ப முன்னால், எனக்கு முப்பது வயதுகூட ஆகாத காலம். கட்டி இருக்கிறது என்று கை சொன்னது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவ்வளவுதான் வசதி. அந்தக் கையை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாந்தாமணி கோபி பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டு மருமகள். கல்யாணமாகி ரொம்ப வருசம், குழந்தை இல்லை. மாதாமாதம் ரத்தம் போய்ப் போய் முகம் பழைய வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவு செய்தாகிவிட்டது. ஆபரேசனுக்கு நாள் குறித்து, ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்களும் வந்து இறங்கிவிட்டார்கள். கட்டி எவ்வளவு பெரிது என்று பார்க்க ஒரு ஸ்கேன், அதற்குத்தான் என் வாசலுக்கு வந்தாள்.

கூட மாமியாரும் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று மாமியார் கோபியில் பஸ் ஏறும்போதே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டார். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து இங்கே வந்து சேரும்போது அந்தப் பெண்ணால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. நான் டாக்டரிடம் ஓடி, இவளை முதலில் பார்த்துவிடுங்கள் என்றேன். மாமியாருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சொம்பைத் தொட்டுக் காட்டி, “இருக்குதும்மா” என்றார். ஏன் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். டம்ளரைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன்.

எங்கள் ஸ்கேன் டாக்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருகிறவர்களிடம் எந்த ஊர், காட்டில் என்ன பயிர் என்று கேட்காமல் மெசினைத் தொட மாட்டார். பேச்சுக் கொடுத்தால் வயிறு இறுக்கம் விடும் என்பார். சாந்தாமணி, தென்னைதானுங்க, களத்தில் கொப்பரை போடுகிறோம் என்றாள். அவர் பேசிக்கொண்டே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்தார். பிறகு, போய் மூத்திரம் போய்விட்டு வாம்மா, உள்ளே ஒரு ஸ்கேன் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இங்கே உங்களுக்கு ஒன்று. உள்ளே ஸ்கேன் என்றதும் பெண் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். படு என்று சொல்வதற்கு முன்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். அந்தச் சத்தம் அவள் காதில் விழ வேண்டும். இப்போது திரை போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். திரைக்குச் சத்தம் இல்லை.

தாழ்ப்பாள் போட்டதும் சாந்தாமணி பேச ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். இவள் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். கொழுந்தனாரின் சின்னப் பெண் எடுத்தாளாம். வெள்ளை வந்ததாம்.

“எல்லாரும் பூவைப் பார்த்தாங்கக்கா. நான் அந்தப் புள்ளையோட கையைத்தான் பார்த்துட்டு நின்னேன்” என்றாள்.

நான் கால் பக்கத்து விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவளே திரும்பவும் சொன்னாள்.

“ஆபரேசன் பண்ணலாமான்னுதானுங்க அம்மன்கிட்டக் கேட்டாங்க. கர்ப்பப்பையை எடுத்துப்போடலாமான்னு ஆருமே கேக்கலீங்க. ரெண்டும் ஒண்ணுங்களாக்கா?”

எனக்கு என்ன தெரியும். டாக்டர்களிடம் நானாக வாயைத் திறக்கிற வழக்கமும் கிடையாது. டாக்டர் கதவைத் தட்டினார். அவர் உள்ளே வந்ததும் இவள் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். இதை இப்போது கேட்காவிட்டால் இனி எங்கே கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் குரல் எனக்கே கேட்காதபடி, “டாக்டர், அம்மிணி உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமாங்க” என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை அவளே கேட்டாள்.

அவளுக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள், கண்ணுகளா. நீங்கள் பேசினால் அது ஆயா சொன்ன பேச்சாகிவிடும். அவள் பேசுவதற்கு இடம் உண்டாக்கிக் கொடுத்தால் போதும்.

டாக்டர் சிரிக்கவில்லை. உள்ளே ஸ்கேன் செய்து முடித்து, அவளை உட்கார வைத்துச் சொன்னார். கொப்பரை போடுகிற வீடு என்பதால் அதை வைத்தே சொன்னார். முற்றிக் காய்ந்த தேங்காயில் பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று தனியாக உருளும் அல்லவா, உன் கட்டி அப்படி இருந்தால் கட்டியை மட்டும் உருவிவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவிடலாம். பச்சைத் தேங்காய் மாதிரி ஓட்டோடு ஒட்டிப் பரவியிருந்தால் அதை உருவ வராது. தொட்டால் ரத்தம் நிற்காது. கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும்.

“என்னோடது எதுங்க?” என்றாள்.

“முன்பக்கம் கழண்ட மாதிரித் தெரியுது. பின்பக்கம் பெரிய கட்டிக்கு ஓரமே தெரியல. மேல வெச்சுப் பார்த்ததுல ஒட்டின மாதிரி இருந்துச்சு. உள்ள பார்த்ததுல பாதி கழண்ட மாதிரி இருக்குது. எனக்குத் தெரியலம்மா.”

எனக்குத் தெரியல என்று ஒரு டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கட்டி பெரிது என்று எழுதி அனுப்பியிருக்கலாம். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரிடம் கேட்ட கேள்வியே அவ்வளவுதான்.

அவர் நேராக ஆபரேசன் செய்யப்போகிற டாக்டரம்மாவிடம் போனார். நடையில் நின்றே பேசினார்கள். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவுக்கும் நெருக்கடிதான். தியேட்டர் ஒதுக்கியாகிவிட்டது, ரத்தம் கொடுக்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள், தள்ளிப்போட்டால் இவளுக்கு மறுபடி ரத்தப்போக்கு தொடங்கிவிடலாம். திறந்து பார்த்து முடிவு செய்துகொள்ளலாமே என்று பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் சொன்னார். டாக்டரம்மா அவரைப் பார்த்து, உள்ளே போய்த் தேடிக்கொண்டிருக்க இவள் உடம்பில் ரத்தம் இல்லை, தெரிந்துகொண்டுதான் கத்தியை எடுக்க வேண்டும் என்றார். பிறகு ஸ்கேன் டாக்டரைக் கேட்டார், எம்.ஆர்.ஐ. சொல்லுமா என்று. என் மெசினைவிட நன்றாகச் சொல்லும் என்றார் அவர். தன் மெசினை விட்டுக்கொடுக்க அவர் யோசிக்கவே இல்லை.

மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்.

“ஏனுங்க, அம்மனே உத்தரவு குடுத்த பொறவு இன்னொரு பொட்டிகிட்டப் போயி எதுக்குங்க கேக்கோணும்?”

டாக்டரம்மா கோபப்படவில்லை. “ஆபரேசன் பண்ணலாமான்னு கேட்டீங்க, பண்ணலாம்னு வந்திருச்சு. அதை நான் மாத்தலீங்கம்மா. எந்த ஆபரேசன்னு நான் கேக்க வேண்டாமுங்களா?” என்றார்.

மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து அந்த மனிதன் தூணோடு தூணாக நின்றிருந்தான். “பாத்துப்போடலாமுங்கம்மா” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அவன் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி வேனில் என்னையும் கூட அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கிற இடத்தில் உடம்பில் பொட்டு உலோகம்கூட இருக்கக் கூடாது என்றார்கள். கம்மல், வளையல், மெட்டி எல்லாம் கழற்றினாள். தாலிக்கொடிக்குக் கை போனதும் நின்றுவிட்டாள். மாமியார் சத்தம் போடுவார் என்று நான் பயந்தேன். அவர் தானே கிட்டே வந்து கழற்றினார். தட்டில் வைக்கச் சொன்னார்கள், வைக்கவில்லை. உள்ளங்கையில் சுருட்டி மூடிக்கொண்டார். படம் எடுத்து முடிகிற வரைக்கும் அந்தக் கையை அவர் திறக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

முதல் தடவை சாந்தாமணியால் முடியவில்லை. மெசினுக்குள் போனதும் இரும்புப் பட்டறை மாதிரி சத்தம். உடம்பு நடுங்கியிருக்கிறது. படம் எல்லாம் கலங்கல். மெசின் பார்க்கிறவர் வெளியே வந்து, அசைந்தால் எடுத்தும் பிரயோசனமில்லை, அடுத்த ஆள் காத்திருக்கிறார், இன்னொரு தடவைதான் பார்ப்பேன் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கலங்கல் படத்தோடு திரும்பினால் டாக்டரம்மா பழைய முடிவுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் நடுங்கினாள்.

நான் கூட இருக்கலாமா என்று கேட்டேன். உலோகம் இல்லாமல் இருந்தால் இருக்கலாம் என்றார். எனக்குக் கழற்ற என்ன இருக்கிறது. சேலையில் குத்தியிருந்த ஊக்கு, கொண்டை ஊசி, இடுப்பில் வீட்டுச் சாவி. வீட்டுக்காரர் போனபோதே மற்றதெல்லாம் போய்விட்டது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவள் கால்மாட்டில் நின்றேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. அவள் முகமும் எனக்குத் தெரியாது. பாதம் மட்டும் வெளியே தெரிந்தது, ஜில்லென்று இருந்தது. பெருவிரலைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கால்விரல்கள் மெல்ல மடங்கி என் விரலைப் பற்றிக்கொண்டன. அதற்குப் பிறகு அவள் அசையவே இல்லை.

அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. என்னை அப்படி யாரும் பற்றிக்கொண்டது கிடையாது.

படம் வந்தது. டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரிய கட்டி கறுப்பாக உருண்டையாகத் தெரிந்தது. அதைச் சுற்றி முழுசாக ஒரு ஓரம். பின்பக்கமும் இருந்தது அந்த ஓரம். சின்னதாக இன்னும் சில கட்டிகள், அவையும் தனித்தனியாக. டாக்டரம்மாவும் கொப்பரைக் கணக்கிலேயே சொன்னார். மாமியார் வருசம் முழுக்கத் தேங்காய் உடைக்கிறவர். பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இது கழண்டதுதானுங்களே” என்றார். பிறகு சந்தேகத்தோடு, “அதுசரி, ஓட்டை ஒடைக்காம பருப்பை எப்புடிங்க எடுப்பீங்க?”

“கீறி எடுத்துட்டுத் தெச்சுப்போடுவேனுங்க. தேங்காய்க்குத்தான் தையல் கிடையாது” என்றார் டாக்டரம்மா.

மாமியார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, புள்ளை தங்குமுங்களா என்று கேட்டார். டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. தங்கலாம், தங்காமலும் போகலாம், கர்ப்பப்பை இருந்தால்தான் அந்தக் கேள்வியே இருக்கும் என்றார். உள்ளே போனபின் ரத்தம் கட்டுப்படாவிட்டால் உயிரைத்தான் பார்ப்பேன், அப்போது கர்ப்பப்பையை எடுப்பேன் என்றும் சொல்லி, அதற்கும் சம்மதம் கேட்டார். மாமியார் சாந்தாமணி இருந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சரியென்று தலையாட்டினார்.

ஆபரேசன் அன்று ஸ்கேன் அறையில் கூட்டம் குறைவு. டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தியேட்டர் வாசலுக்குப் போனேன். மாமியார் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். நேரம் இழுத்துக்கொண்டே போனது. இன்னொரு பாட்டில் ரத்தம் உள்ளே போனதைப் பார்த்ததும் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். சொம்பு அவர் காலடியில் காலியாகக் கிடந்தது.

“ஏம்மா, கொஞ்சம் தண்ணி குடு” என்றார், என்னைப் பார்க்காமல்.

கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் வைத்தே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. கர்ப்பப்பை இருக்கிறது என்றார். மாமியார் எழுந்து நின்று கும்பிட்டார். அம்மனைக் கும்பிட்டாரா, டாக்டரம்மாவையா, எனக்குத் தெரியாது.

எங்கள் ஸ்கேன் டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் படம் பார்த்துச் சொன்னவர்களுக்கு ஆபரேசன் முடிந்தால், எடுத்ததைத் தட்டில் வைத்திருக்கும்போதே போய்ப் பார்ப்பார். அன்றும் போனார். பின்பக்கத்துக் கட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் படத்தில் ஓரம் ஏன் தெரியவில்லை என்று டாக்டரம்மாவிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது என்னிடம், சொன்னது சரியா என்று போய்ப் பார்க்காதவன் படம் பார்க்கக் கூடாதும்மா என்றார். அது அவர் வேலைக்கான பேச்சு. அவருக்கு விடை தட்டிலேயே இருந்தது. நம் வேலையில் அப்படி இல்லை. நாம் பிடித்த கைக்கும் காலுக்கும் பிற்பாடு என்ன ஆயிற்று என்று யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. இதை உங்களுக்குச் சொல்கிறேனே ஒழிய, என்னால் முடியவில்லை.

ஊருக்குப் புறப்பட்ட அன்று சாந்தாமணி என்னைத் தேடிக்கொண்டு ஸ்கேன் அறை வாசலுக்கு வந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். நான் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“புள்ள பொறந்தா மொதல்ல உங்ககிட்டத்தானுங்கக்கா கொண்டாந்து காட்டுவேன். இங்கியே இருப்பீங்களா?”

“இங்கியேதான் கண்ணு இருப்பேன்” என்றேன்.

கரு தங்கினால் குழந்தையை ஆபரேசன் செய்துதான் எடுக்க வேண்டும், இங்கேயே வந்துவிடு என்று டாக்டரம்மாவும் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் எப்படியும் வருவாள் என்று இருந்தேன். கோபி பஸ்ஸில் வந்தோம் என்று யாராவது சொன்னால் முகத்தைப் பார்ப்பேன். வயிற்றில் பிள்ளையோடு ஸ்கேனுக்கு வருகிறவர்கள் வரிசையில் எத்தனையோ சாந்தாமணிகள் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் அந்தப் பெயர் வீட்டுக்கு ஒன்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு முகம் எழுந்து வரும்.

நடுவில் மாடியில் வார்டு ஆயாக்களுக்கெல்லாம் தலைமையாக என்னைப் போடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டபோது காலில் வலி, படி ஏற முடியாது என்றேன். அந்த ஸ்டூலில் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்களா என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய மெசின் போய்ப் புது மெசின் வந்தது. டாக்டரும் போய்விட்டார். எம்.ஆர்.ஐ. நம் ஆஸ்பத்திரிக்கே வந்தது. கதவுக்குப் பல தடவை பெயிண்ட் அடித்தார்கள். அவள் வரவில்லை.

ஈரோட்டிலேயே நல்ல ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. கிட்டத்தில் இருக்கிறதே என்று அங்கே போயிருக்கலாம். பிள்ளை வளர்க்கிற அவசரத்தில் மறந்திருக்கலாம். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போது துடியலூரில் தம்பி மகள் வீட்டில் இருக்கிறேன். காந்திபுரம் பக்கம் போனால், கோபி பஸ் நிற்கிற இடத்தில் வேலை ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

முதலில் சொன்ன காரியம் இதுதான். அந்த வாசலில் இப்போது நீங்கள் உட்காருகிறீர்கள். என்றைக்காவது கோபி பக்கத்திலிருந்து ஒருத்தி வந்து, இங்கே ஒரு பழைய ஆயாக்கா இருப்பார்களே என்று கேட்டால், வேலையை விட்டு நிற்கிற நாள் வரைக்கும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லுங்கள். துடியலூருக்கு வழி சொல்லுங்கள். பிள்ளை பிறந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், போதும். யாரும் இல்லாமல் தனியாக வந்திருந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்கள்.